ஊரில் ஒரு சேலை, புத்தகச் சந்தை வைக்க விரும்புகிறீர்களா? படிப்படியாக ஒரு வழிகாட்டி

போன வருடம் ஆனி மாதம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு நாள் சந்தை வைத்தோம். அலுமாரிகளில் சும்மா கிடக்கிற நல்ல சேலைகள், வாசித்து முடித்த புத்தகங்கள், ஒரு மூலையில் மருதோன்றி. வருகிற காசில் நிலையத்தில் சிறுவருக்கு ஒரு நூல் அலுமாரி. யோசித்தபோது லேசாகத்தான் இருந்தது. செய்யத் தொடங்கிய பிறகு ஒரு கடிதத்துக்காக மூன்று தடவை அலைந்தோம், அச்சடித்த நுழைவுச்சீட்டை அப்படியே தூக்கிப் போட்டோம், காசு யாருடைய கணக்கில் இருக்கிறது என்று ஊரில் கதை வந்தது, வந்து குவிந்த 140 சேலையில் விற்கக்கூடியது 52 மட்டும்தான். இந்த வருடம் இரண்டாவது தடவை வைத்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டு தடவையும் கற்றுக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் எந்த ஊரில் இருந்தாலும் உங்களுக்கு உதவும்.

எட்டு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். ஆறு வாரத்தில் முடியும், ஆனால் நித்திரை இருக்காது.

1. யாருடைய பெயரில் செய்வது என்று முதலில் முடிவெடுங்கள்

நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து, ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரில் கடிதம் கொண்டு போனோம். "உங்களுடைய பதிவு இலக்கம் என்ன?" என்று கேட்டார்கள். இல்லை. அதோடு திரும்பி வந்தோம்.

புது அமைப்பைப் பதிவு செய்ய 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. யாப்பு, நிர்வாகப் பட்டியல், கணக்கு என்று அதற்கு நிறையத் தேவை. ஒரு நாள் சந்தைக்கு அவ்வளவு வேண்டாம். உங்கள் ஊரில் ஏற்கெனவே பதிவுள்ள ஒரு சங்கத்தின் கீழ் செய்யுங்கள். பிரதேச சபையில் பதிவான சனசமூக நிலையம், பிரதேச செயலகத்தில் பதிவான மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். அவர்களுக்கு முத்திரை, கடிதத் தலைப்பு, பற்றுச்சீட்டுப் புத்தகம், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிறது.

வாய்ச்சொல்லில் விட்டுவிடாமல் நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். என்ன நிகழ்வு, எந்தத் திகதி, வரும் காசு எதற்கு, காசோலையில் யார் இருவர் கையொப்பம் வைப்பது என்று நான்கு வரி போதும். அந்தக் கூட்டறிக்கையின் பிரதி பின்னால் ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள், ஐந்து பிரதி எடுத்து வையுங்கள்.

காசைத் தனியாளின் கணக்கில் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். லண்டனில் இருந்து ஒரு அக்கா அனுப்பிய காசு அவசரத்துக்கு எங்களில் ஒருவரின் கணக்குக்கு வந்தது. நான்கு நாளில் சங்கக் கணக்குக்கு மாற்றிவிட்டோம். ஆனாலும் அந்தப் பிள்ளை பட்ட மனவேதனை கொஞ்சமில்லை. வெளிநாட்டுச் சொந்தங்களுக்குச் சங்கத்தின் கணக்கிலக்கத்தை முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

2. திகதி

தவிர்க்க வேண்டியவற்றை முதலில் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை, நனைந்த பட்டுச் சேலையை ஒன்றும் செய்ய முடியாது. ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறிவிடும், அதிலிருந்து 25 நாளும் சனம் கோயிலில் நிற்கும், வீதிகளும் மூடியிருக்கும். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18, நவம்பர் 27 இரண்டையும் அண்டிய வாரங்களில் ஊர் துக்கத்தில் இருக்கும், அப்போது சந்தை வேண்டாம். சாதாரண தரம், உயர்தரப் பரீட்சை நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்போது வைப்பது? தை தொடக்கம் பங்குனி வரை நல்ல காலம். நாங்கள் ஆனியைப் பிடித்ததற்குக் காரணம், ஆடியில் கலியாணம் இல்லை, ஆவணியில் வரிசையாக வரும், அதற்குச் சேலை தேடுகிறவர்கள் ஆனியிலேயே தேடத் தொடங்குவார்கள். அரச ஊழியருக்கு 25ஆம் திகதியளவில் சம்பளம் வரும், ஆகவே மாதக் கடைசிச் சனிக்கிழமை. காலை 9 மணி தொடக்கம் மாலை 4 மணி வரை. ஞாயிறு காலையில் தேவாலயம் போகிறவர்களை இழந்துவிடுவீர்கள்.

3. இடமும் செலவும்

கலியாண மண்டபம் எடுக்காதீர்கள். அதன் வாடகையே வருமானத்தைத் தின்றுவிடும். சனசமூக நிலையத்து மண்டபம், கோயில் அன்னதான மடம், பாடசாலை மண்டபம் இவற்றில் ஒன்றைக் கேளுங்கள். பாடசாலை என்றால் அதிபரின் சம்மதம் மட்டும் போதாது, வலயக் கல்வி அலுவலகத்தையும் கேட்கச் சொல்வார்கள், அதற்கு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். வெளிச்சம் முக்கியம். சேலையின் நிறம் பகல் வெளிச்சத்தில்தான் தெரியும், இருட்டு மண்டபத்தில் மெரூனும் பிரவுனும் ஒன்றுதான்.

இந்த வருடம் எங்களுக்கு ஆன செலவு: மண்டபமும் மின்சாரமும் 5,000 ரூபாய், 18 பட்டுச் சேலையை ட்ரை கிளீன் செய்ய 12,600, பதாகை இரண்டு 5,000, அறிவித்தலும் சீட்டும் அச்சடிக்க 3,500, தையல் அக்காவுக்கும் அயன் பண்ணியவருக்கும் 8,000, தேத்தண்ணியும் மதியச் சாப்பாடும் 7,500, ஓட்டோ 4,200. மொத்தம் 45,800. இதில் பாதியையாவது முன்கூட்டியே யாராவது பொறுப்பேற்கச் செய்யுங்கள். ஊரில் ஒரு கடைக்காரர் பதாகைச் செலவையும், கனடாவில் இருக்கிற பழைய மாணவி ஒருவர் ட்ரை கிளீன் செலவையும் ஏற்றார்கள். "இதற்கு இவ்வளவு" என்று குறிப்பாகக் கேட்டால் தருகிறார்கள், பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்றால் பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

4. கடிதங்கள்

கிராம அலுவலரிடம் முதலில் போங்கள். நிகழ்வு விபரக் கடிதம், கூட்டறிக்கைப் பிரதி, தலைவர், செயலாளர் இருவரின் அடையாள அட்டைப் பிரதி, மண்டபச் சம்மதக் கடிதம் இவ்வளவும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அவருடைய சிபாரிசு கையில் இருந்தால் அடுத்த இடங்களில் கேள்வி குறையும். அவர் கந்தோரில் இருக்கிற நாளை முதலே கேட்டுவிட்டுப் போங்கள், வெளிக்களத்துக்குப் போகிற நாளில் போய்க் காத்திருந்து பயனில்லை.

ஒலிபெருக்கி பூட்டுவதென்றால் பொலிஸ் அனுமதி வேண்டும். பத்து நாளுக்கு முன் கடிதம் கொடுங்கள். முதல் வருடம் நாங்கள் இரண்டு நாள் இருக்கும்போது போனோம், கிராம அலுவலரின் சிபாரிசு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், கடைசியில் பாட்டே இல்லாமல் நடத்தினோம். உண்மையில் அது நல்லதாகப் போயிற்று. மண்டபத்துக்குள் ஒரு சின்ன வானொலிப் பெட்டி போதும்.

வீதியில் பதாகை கட்ட உள்ளூராட்சி சபையில் கட்டணம் கட்ட வேண்டும். மாநகர எல்லைக்குள் என்றால் மாநகர சபை, வெளியே என்றால் நகர சபை அல்லது பிரதேச சபை. கட்டிய பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். நிலையத்தின் சொந்த மதிலில் ஒன்று, கோயிலடியில் கேட்டு ஒன்று, அவ்வளவே போதும்.

நுழைவுச்சீட்டு விற்காதீர்கள். காசுக்கு நுழைவுச்சீட்டு என்றால் களியாட்ட வரி வரும், விற்க முன் சீட்டுகளைச் சபையில் கொடுத்து முத்திரை குத்த வேண்டும். தர்ம நிகழ்வென்று விலக்குக் கேட்கலாம்தான், அதற்கு வேறு கடிதம், வேறு அலைச்சல். நாங்கள் தெரியாமல் 300 சீட்டு அச்சடித்து வீணாக்கினோம். வாசல் இலவசமாக இருக்கட்டும். குலுக்கல் சீட்டும் அப்படித்தான், அதற்குத் தனி அனுமதி வேண்டும், ஆகவே அதை விட்டுவிடுங்கள். சமைத்த சாப்பாடு விற்பதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். வடை, ரோல்ஸ், பயித்தம் பணியாரம் செய்து தருகிற அக்காமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஆனால் வெயிலில் மூடாமல் வைத்த ரோல்ஸ் ஒன்றால் உங்கள் முழு நிகழ்வின் பெயரும் கெட்டுவிடும்.

5. சேலை சேர்ப்பதும் தெரிவதும்

இதற்குத்தான் கூடுதல் நேரம் வேண்டும். மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

"பழைய உடுப்புத் தாருங்கள்" என்று அறிவித்தல் போடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் போட்டோம். கிழிந்தது, கறை பட்டது, சாயம் போனது எல்லாம் மூட்டையாக வந்தது. இரண்டாம் தடவை "நீங்கள் இன்னொரு தடவை உடுக்கக்கூடிய சேலை, ஒரு வீட்டில் இருந்து மூன்று மட்டும்" என்று எழுதினோம். 90 வந்தது, 78 விற்பனைக்கு எடுத்தோம். அந்த ஒரு வரி இவ்வளவு வேலையை மிச்சம் பிடித்தது.

கூறைச்சேலை தருகிறவர்களிடம் இரண்டு தடவை கேளுங்கள். ஒரு அம்மா தன் கூறையைத் தந்துவிட்டு ஐந்தாம் நாள் வந்து, "பிள்ளை, அதை மட்டும் திருப்பித் தாறியா?" என்று கேட்டபோது அது இன்னும் எங்களிடம் இருந்ததை நினைத்து நான் பட்ட ஆறுதலைச் சொல்ல முடியாது. அதிலிருந்து எந்தக் கூறையையும் பத்து நாள் தனியாக வைத்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்கிறோம்.

பட்டா, பட்டு மாதிரியா என்று தெரியாமல் விலை போடாதீர்கள். சேலையின் உள்முனையில் இருந்து, உடுத்தினால் கொசுவத்துக்குள் போகிற பக்கம், இரண்டு நூலை உருவி நெருப்பில் பிடியுங்கள். பட்டு என்றால் தலைமயிர் எரிகிற மணம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பொலியெஸ்டர் என்றால் உருகிச் சின்ன மணியாகக் கட்டிப்படும். சரிகை நூல் வேறு மாதிரி எரியும், அதை எடுக்காமல் உடல்பகுதி நூலை எடுங்கள்.

பிறகு மடிப்பைப் பாருங்கள். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த காஞ்சிபுரம் அந்தக் கோட்டிலேயே வெடித்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் தெரியும். பூச்சி உருண்டை மணம் எல்லாவற்றிலும் இருக்கும். நிழலில் கொடியில் இரண்டு மூன்று நாள் காற்றாட விட்டால் போய்விடும், வெயிலில் போட்டால் நிறம் போய்விடும். உருண்டை நேரே பட்ட சரிகை கறுத்திருந்தால் அதைத் திருத்த முடியாது, விலையைக் குறையுங்கள். பருத்தியில் மஞ்சள் கறை இருந்தால் நனைத்து வெயிலில் காயவிடுங்கள், மஞ்சள் வெயிலில் மங்கும். பட்டில் எந்தக் கறையையும் வீட்டில் தேய்க்காதீர்கள், ட்ரை கிளீனுக்குக் கொடுங்கள். அதற்குக் குறைந்தது பத்து நாள் எடுக்கும், கலியாணக் காலத்தில் இன்னும் கூட.

விலைச்சீட்டை ஒட்டாதீர்கள், பசை பட்டில் பிடித்துவிடும். ஊசியும் குத்தாதீர்கள், ஓட்டை தெரியும். மடித்த சேலையைச் சுற்றி ஒரு நூல் கட்டி, அதில் சீட்டைத் தொங்கவிடுங்கள்.

இனி, யாரும் யோசிக்காத இரண்டு விஷயம். ஒன்று சட்டை. சேலையோடு வருகிற சட்டை யாருக்கும் அளவாக இருக்காது. தையல் மெசினோடு ஒரு அக்காவை மண்டபத்திலேயே இருத்துங்கள். பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருந்தால் கால் மணி நேரத்தில் பிரித்துப் பெருப்பித்துத் தந்துவிடுவார், இறுக்குவது அதைவிட லேசு. இரண்டாவது உள்பாவாடை. சேலை பிடித்திருந்தும், பொருந்துகிற நிறத்தில் உள்பாவாடை இல்லை என்று முதல் வருடம் பலர் வைத்துவிட்டுப் போனார்கள். இந்த வருடம் எட்டு நிறத்தில் புதுப் பருத்திப் பாவாடை 40 மொத்த விலைக்கு வாங்கி வைத்தோம், ஒன்றும் மிஞ்சவில்லை.

6. சந்தைச் சீட்டு

இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

புதிதாக ஆசிரியர் நியமனம் கிடைத்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கிழமையில் ஐந்து நாளும் சேலை உடுத்துப் போக வேண்டும், வீட்டில் இருப்பது இரண்டு, முதல் சம்பளம் இன்னும் வரவில்லை. அவரைக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் இலவசமாகத் தந்தால் வாங்குவாரா? வாங்கினாலும் அந்தச் சேலையை நிமிர்ந்து நின்று உடுத்துவாரா?

நாங்கள் செய்தது இதுதான். மண்டபத்துக்குள் காசு ஓடாது. வாசல் மேசையில் காசைக் கொடுத்து 100, 500 ரூபாய்ச் சந்தைச் சீட்டு வாங்க வேண்டும், உள்ளே எல்லாம் சீட்டுக்குத்தான். அதே சீட்டை ஒரு வாரத்துக்கு முன்பே, அன்பளிப்புக் காசில் இருந்து, தேவையுள்ளவர்களுக்குக் கடித உறையில் கொடுத்துவிட்டோம். யாருக்கு என்பது ஆசிரியை ஒருவருக்கும் குடும்பநல மருத்துவ மாது ஒருவருக்கும் எங்கள் பொருளாளருக்கும் மட்டும் தெரியும். உள்ளே வந்தால் எல்லோர் கையிலும் ஒரே சீட்டு. யார் காசு கொடுத்தார், யாருக்கு உறையில் போனது என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் கண்ணாடிக்கு முன் நின்று இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பார்த்து, "இந்தக் கரை எனக்கு எடுப்பாக இருக்கா?" என்று கேட்டு வாங்கினார்கள்.

இதைக் கூப்பன் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஆட்களுக்குக் கூப்பன் என்றால் நிவாரண வரிசைதான் ஞாபகம் வரும். சீட்டுக்கு இலக்கம் போட்டு, சங்க முத்திரை குத்துங்கள், பிரதி எடுக்க முடியாது.

விலை மூன்றே வகை: 500, 1,500, 4,000. நல்ல காஞ்சிபுரம் மட்டும் 4,000. பேரம் இல்லை என்று எழுதி வையுங்கள். வாசல் மேசைக்கு 20,000 ரூபாய்க்கு மாற்றுக்காசு முதல் நாளே வங்கியில் எடுத்து வையுங்கள், எல்லோரும் 5,000 ரூபாய்த் தாளோடுதான் வருவார்கள்.

7. புத்தக மேசை

கறையான் பிடித்தது, பூஞ்சணம் மணக்கிறது எதையும் வாசலுக்குள் எடுக்காதீர்கள், ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பரவும். சந்தேகமானதை பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்குளிரூட்டியில் ஒரு வாரமாவது வைத்தால் பூச்சி செத்துவிடும். எடுத்தவுடன் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் ஈரம் பிடிக்கும்.

அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூல்களை விற்காதீர்கள், வந்தால் பாடசாலைக்குத் திருப்பிக் கொடுங்கள். பாடத்திட்டம் மாறிய பழைய வழிகாட்டி நூல்களும் வேண்டாம், பாவம், பிள்ளைகள் தெரியாமல் வாங்கிவிடுவார்கள். நாவல், சிறுகதை, சமையல், சிறுவர் கதை, இவைதான் போகும். 50, 100, 200 ரூபாய். ஒரு புத்தகம் கொண்டு வந்தால் ஒன்று எடுத்துப் போகலாம் என்றும் வைத்தோம், பெட்டையள் பெடியளுக்கு அதுதான் பிடித்தது. பாய் விரித்து இரண்டு தலையணை போட்டு விடுங்கள், தாய் சேலை பார்க்கும் வரைக்கும் பிள்ளை வாசிக்கும்.

பெட்டிக்குள் பழைய கோயில் மலர், பாடசாலை மலர், அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டு என்கிற நினைவு நூல், ஊர்ச் சிற்றிதழ் ஏதும் வந்தால் தயவுசெய்து விலை போடாதீர்கள். நூலகம் நிறுவனம் இப்படியானவற்றை எண்ணிம வடிவில் ஆவணப்படுத்துகிறது, அவர்களோடு கதையுங்கள். ஒரு ஊரின் பரம்பரை விபரம் சில நேரம் ஒரு கல்வெட்டில் மட்டும்தான் இருக்கும்.

8. மருதோன்றி மேசை

ஒரு மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கிற கோனை வாங்காதீர்கள். அதில் தலைமுடிச் சாயத்துக்குப் போடுகிற பிபிடி என்ற இரசாயனம் இருக்கக்கூடும், கை கொப்பளித்துத் தழும்பாகிவிடும். உண்மையான மருதோன்றி முதலில் செம்மஞ்சளாக இருந்து, ஒன்றிரண்டு நாளில்தான் கருஞ்சிவப்பாகும், கையில் நாலைந்து மணி நேரம் இருக்கவும் வேண்டும். ஆகவே இந்த மேசையைக் காலையிலேயே திறந்து, மதியத்தோடு மூடுங்கள். ஆனால் ஒன்று, ஈர மருதோன்றிக் கையோடு யாரையும் சேலைப் பக்கம் விடாதீர்கள். எங்களுக்கு ஒரு வெள்ளைப் பட்டு போயிற்று. வாங்குபவர் முதலில் சேலை, பிறகு மருதோன்றி என்று வழி அமையுங்கள்.

பாவித்த லிப்ஸ்டிக், மை, பவுடர் எதையும் அன்பளிப்பாக வாங்காதீர்கள், கண்நோயும் தோல்நோயும் அப்படித்தான் தொற்றும். சீல் உடைக்காததென்றாலும் முடிவுத் திகதியைப் பாருங்கள்.

9. அன்றைய நாள்

உடுப்பு மாற்றுகிற இடத்தைக் கனத்த திரையால் மூன்று பக்கமும் மறையுங்கள், உள்ளே ஆளுயரக் கண்ணாடி ஒன்று, வெளியே ஒன்று. வாசலில் ஒரு பெண் நிற்கட்டும், கைபேசியை உள்ளே கொண்டுபோக விடாதீர்கள். முகம் தெரிகிற படம் எதையும் கேட்காமல் முகநூலில் போடக்கூடாது என்று உங்கள் குழுவுக்கே முதலில் சொல்லுங்கள். உறையில் சீட்டு வாங்கிய பிள்ளையின் படம் "எமது உதவி" என்ற தலைப்போடு வெளியே போனால் ஆறாம் படியில் செய்த எல்லாம் வீண்.

ஆட்கள் பன்னிரண்டு பேர் வேண்டும். முதல் ஒரு மணித்தியாலத்தில்தான் நெரிசல், மத்தியானத்தில் ஓய்ந்துவிடும்.

10. கணக்கும் மிஞ்சியவையும்

அன்று மாலையே மூன்று பேர் சேர்ந்து காசை எண்ணி, விற்ற சீட்டின் இலக்கத்தோடு ஒப்பிட்டுக் கையொப்பம் வையுங்கள். திங்கள் காலை வங்கி. ஏழு நாளுக்குள் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, நிலையத்தில் பத்திரிகை வாசிக்கிற மேசைக்கு மேலே உள்ள பலகையில் ஒட்டுங்கள். அலுமாரி, புத்தகம் வாங்கும்போது கடைக்குக் காசோலையாகக் கொடுத்து, பற்றுச்சீட்டை அதே தாளுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அன்பளிப்புத் தந்தவர்களுக்கு அதன் படத்தை அனுப்பினால் அடுத்த வருடம் நீங்கள் கேட்க முன்பே அவர்கள் கேட்பார்கள்.

மிஞ்சிய சேலைகளை எங்கே கொடுப்பது என்று நிகழ்வுக்கு முன்பே முடிவெடுங்கள். முதியோர் இல்லத்துக்கு என்றால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம், அங்கே அலுமாரியில் இடமே இல்லை, அவர்களுக்குத் தேவைப்பட்டது மெல்லிய பருத்திச் சட்டையும் படுக்கை விரிப்பும்தான்.